கிளீனர் கட்டையிலிருந்து கோட் 95 வரை

கிழக்கின் ரயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடலோரமாக நெருங்கிக் கிடக்கும் ஊர்களுக்கு எல்லாமே ரோட்டு வழிதான். வயலின் நெல்லும் கடலின் மீனும் மருதமுனைச் சாறனும் லொறி ஏறித்தான் கொழும்பு பார்க்கின்றன. ஆகவே ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இங்கே எப்போதும் மதிப்பு உண்டு.

அன்று யாரும் லைசன் எடுத்துவிட்டுத் தொழிலுக்கு வரவில்லை. தொழிலில் கிடந்துதான் லைசனுக்குப் போனார்கள். பையன் முதலில் கிளீனர். மஹியங்கனையைத் தாண்டிப் பதினெட்டு வளைவில் பாரத்தோடு ஏறும் லொறி மூச்சுவாங்கி நின்றால், அது பின்னால் சரியும் முன் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடவேண்டும். நிறுத்தும் இடத்திலெல்லாம் டயரைத் தட்டி, சத்தத்தை வைத்தே காற்றைக் கணிக்கவேண்டும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். நடுச்சாமத்தில் சாரதிக் காக்காவின் கண் செருகாமல் பேச்சுக் கொடுக்கவேண்டும். இப்படிச் சில வருடம் கழிந்த பிறகு ஒரு நாள், வெறும் லொறியோடு ஊர் திரும்பும்போது, “இஞ்ச வந்து இரிடா தம்பி” என்று காக்கா இடம் விடுவார். காசாகப் பார்த்தால் செலவு அதிகமில்லை. போனது இளமை.

1958இல் பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்ததும் அந்த லைசனுக்கு நிலையான சம்பளமும் சேமலாப நிதியும் சேர்ந்தன. 1970களின் பிற்பகுதியில் வளைகுடா திறந்தது. சவூதியில் வீட்டுச் சாரதியாகப் போனவர்கள் அனுப்பிய காசில் ஓலை வீடுகள் கல்வீடுகளாயின, தங்கச்சிமார் கரைசேர்ந்தார்கள். லைசனுக்கு இதைவிடப் பெரிய பலனை இந்தக் கரை கண்டதில்லை என்றே நினைக்கிறேன்.

இன்று வரிசை தலைகீழ். முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மெடிக்கல், எழுத்துப் பரீட்சை, லேனர்ஸ், பிறகு ட்ரையல். இலகு வாகன லைசன் எடுத்து 2 வருடம் போனால்தான் கனரகத்துக்கு விண்ணப்பிக்கலாம். இலகு லைசன் 8 வருடம் செல்லும். கனரகம் 4 வருடம்தான், பிறகு மறுபடி மெடிக்கல். கட்டணம் மட்டும் செலவல்ல. அலைந்து திரியும் நாட்களில் கூலியும் போகிறது. பல வீடுகளில் உம்மாவின் காப்பு அடகுக்குப் போன பிறகுதான் ட்ரையலுக்கு நாள் கிடைக்கிறது.

உண்மையான நட்டம் அந்த 2 வருடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. பொடியன் சும்மா இருக்க முடியாது. லீசிங்கில் ஆட்டோ எடுக்கிறான். மாதத் தவணை கழுத்தை நெரிக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது பழைய ஆட்டோவுக்கே விலை ஏறியது. 2022இல் பெற்றோல் வரிசையும் கியூஆர் பங்கீடும் வந்தபோது, ஓடாத ஆட்டோவுக்கும் தவணை கட்டவேண்டியிருந்தது. 2 வருடம் முடிந்தாலும் கனரகத்துக்குக் காசும் மனமும் மிஞ்சுவதில்லை. முச்சந்தியில் காத்து நிற்கும் பொடியன்மாரில் பலரும் தொடங்கிய பயணத்தைப் பாதியில் விட்டவர்கள்.

வெளிநாட்டுக் கதவும் முன்போல் இல்லை. 2018 ஜூன் 24 முதல் சவூதியில் பெண்கள் தாங்களே வாகனம் ஓட்டுகிறார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் ஹவுஸ் ட்ரைவர் வேலையை நம்பியிருந்த நம் ஊர்கள் அந்தச் செய்தியைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. இப்போது பேச்செல்லாம் ருமேனியா, போலந்து, லித்துவேனியா. அங்கே கனரக லைசன் மட்டும் போதாது. கோட் 95 என்ற தொழில்முறைத் தகைமையும் வேண்டும். முதல் தடவை முழுப் பயிற்சி என்றால் 280 மணி நேரம், துரிதப் பயிற்சி என்றால் 140. பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரம். அந்தச் செலவை ஏற்பது கம்பனியா, சம்பளத்தில் பிடிப்பார்களா என்பதை எழுத்தில் வாங்காமல் ஏஜென்சிக்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது. அந்த ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பார்க்கவேண்டும்.

அப்படியானால் கனரக லைசன் எடுப்பது லாபமா? லாபம்தான் என்பேன், ரோட்டு அனுபவம் சேர்ந்து வந்தால். ட்ரையல் திடலில் பின்னுக்கு எடுத்துக் காட்டியவனை நம்பி 10 தொன் நெல்லைப் பதினெட்டு வளைவுக்கு அனுப்ப எந்த முதலாளிக்கும் துணிவு வராது.

இந்த இடத்தில் நம் பள்ளிவாசல்களின் ஸகாத் நிதியங்களிடம் ஒன்று கேட்கிறேன். தொழில் உதவியென்று ஏழைப் பொடியனுக்கு ஆட்டோ கொடுக்கிறீர்கள். ஓர் ஆட்டோவின் விலையில் எத்தனை பேருடைய லைசன் செலவு அடங்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இலகு லைசன் எடுத்தவனை அந்த 2 வருடமும் ஒரு லொறியின் இடது ஆசனத்தில் உட்காரவையுங்கள். அவன் கூலியில் பாதியை நிதியம் கொடுக்கட்டும், மீதியை லொறி முதலாளி கொடுக்கட்டும். முடிவில் கனரக ட்ரையலுக்கான கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். அடுத்த ஸகாத் பட்டியல் எழுதும்போது சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஐந்து பேரை வைத்தாவது இதைத் தொடங்கலாம்.