கழுதை கழுதையாகவே இருக்கட்டும்

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) படத்தில் முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதை ஒன்று தத்தித் தத்தி நடக்கும். திரும்பத் திரும்ப வரும். கதை நடக்கும் பொடியன்குளத்தில் பேருந்து நிற்பதில்லை என்ற கோபம் ஒருபக்கம் ஏறிக்கொண்டே போகும். இன்னொரு பக்கம் இந்தக் கழுதை. அதன் கட்டு அறுபடுவதும் பேருந்து நொறுங்குவதும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது தியேட்டரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

காரணம் எளிது. அந்த ஊரில் கழுதை இருக்கும். மேயப்போன இடத்தில் தொலைந்துவிடாமலிருக்கக் காலைக் கட்டுவதும் உண்டு. அது முதலில் கழுதை, பிறகுதான் உருவகம். 1936இல் வந்த ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தைச் சாப்ளின் ஆட்டு மந்தையில் தொடங்கி, அப்படியே தொழிலாளர் கூட்டத்துக்குத் தாவுவார். கூர்மையான தாவல்தான். ஆனால் அந்த ஆடுகளுக்குக் கதைக்குள் இடமில்லை. புரிந்த கணமே மறந்துபோகின்றன. காதலர் முகங்கள் நெருங்கும்போது நம் பழைய படங்களில் உரசிக்கொண்ட பூக்களும் இந்த வகைதான். யார் காதலித்தாலும் அதே பூக்கள் என்றானதும் அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

அதே மாரி செல்வராஜின் முதல் படமான ‘பரியேறும் பெருமாள்’ (2018) முடிவில் இரண்டு டீ கிளாஸ்கள், நடுவே ஒரு பூ. சாதாரண கண்ணாடி கிளாஸ், டீக்கடையில் அன்றாடம் கழுவி வைப்பது. டீக்கடையில் சாதி பார்த்துத் தனித்தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறையை அறிந்தவருக்கு வயிற்றைப் பிசையும். அறியாதவருக்கும் ஏதோ உறுத்தும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசிப்பார்.

அந்த யோசனைக்குத்தான் இப்போது ஆபத்து. படம் வந்த மறுநாளே ‘இதை கவனிச்சீங்களா?’ என்று சிவப்பு வட்டம் போட்ட வீடியோக்கள் வந்துவிடுகின்றன. கவனிக்காமல் விட்டவர்களுக்கு உதவுகிறோம் என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் அந்தப் பத்து நிமிட வீடியோவை நினைத்தே படமெடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கூண்டுக்கிளி, உடைந்த கண்ணாடி, பின்னால் தொங்கும் ஓவியம் என்று சட்டகம் முழுக்கச் சாமான்கள். போதாதென்று ஒரு பாத்திரம் வாயைத் திறந்து, ‘நானும் இந்தக் கிளி மாதிரிதான்’ என்கிறது. பார்ப்பவரின் வேலையை நடிகர் செய்து முடித்துவிட்டால், பார்ப்பவர் அங்கே எதற்கு?

குறும்படம் எடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: எடிட்டிங்கில் அந்த ஒரு வசனத்தை எடுத்துவிட்டு, கிளி மேல் இன்னும் நாலு விநாடி கேமராவை நிற்கவிட்டு, படம் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.