கைக்கடிகாரத்தின் கையிருப்பு

பழுது எதுவும் இல்லாத விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்று, அணிந்தவர் கையில் இருக்கும்போதே நின்றுவிடுதல் கூடுமோ? கூடும் என்பதனை அண்மையில் எம் நண்பர் ஒருவர் வாயிலாக நேரிற் கண்டோம்.

நண்பர் இளைப்பாறிய தலைமையாசிரியர். வெளிநாட்டிலே தொழில் புரியும் அவர் மைந்தன், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்தபோது, தானியங்கிக் கைக்கடிகாரம் ஒன்றைத் தந்தைக்கு அன்பளிப்பாகக் கொடுத்துச் சென்றான். முதலாண்டு முழுவதும் அது பிழையின்றி ஓடிற்று. பின்னர் விடியற்காலைகளில் நின்றுபோகத் தொடங்கிற்று. திருத்துபவரிடம் இருமுறை கொடுத்துத் துடைப்பித்தும் பயனில்லை. “தம்பி, போலிச் சரக்கை உன் தலையிலே கட்டிவிட்டார்கள்” என்று தந்தை தொலைபேசியிற் கூற, மைந்தன் மனம் நொந்தான். நாளடைவில் இருவருக்குமிடையே பேச்சுக் குறைந்தது. பௌதிகம் கற்பிப்பவருக்குக் கடிகாரமும் தெரிந்திருக்கும் என்று எண்ணிய நண்பர், அதனை எம்மிடம் கொணர்ந்தார்.

நிற்க. இத்தகைய கடிகாரம் எவ்வாறு ஓடுகிறது என்பதை முதலில் நோக்குவோம். அதனுள்ளே மின்கலம் இல்லை. சிறிய உருளைப் பெட்டி ஒன்றினுள் நீண்ட உருக்குச் சுருள்வில் ஒன்று அடங்கியிருக்கிறது. முறுக்கப்பட்ட சுருள் மெல்ல மெல்ல அவிழும்போது பற்சில்லுகள் சுழன்று, இருபுறமும் மாறிமாறி அலையும் சமனிலைச் சில்லுக்கு விசை ஊட்டுகின்றன. இக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் அச்சில்லு செக்கனுக்கு 8 முறை, அஃதாவது ஒரு நாளில் 691,200 முறை அலைகிறது. ஒவ்வோர் அலைவும் சுருளிலிருந்து சிறிது விசையைச் செலவிடுகிறது. வரவு இன்றிச் செலவு மட்டும் நடைபெறின் எந்த இருப்பும் ஒருநாள் தீருமன்றோ?

அவ்வரவைத் தருவதற்கே தானியங்கிக் கடிகாரத்தினுள் அரைவட்ட வடிவான எடை ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. புவியீர்ப்பினால் அது கீழ்நோக்கியே தொங்க விரும்பும். கை அசையுந்தோறும் கடிகாரம் திரும்ப, எடை மட்டும் கீழே இறங்கிச் சுழல்கிறது. அச்சுழற்சி சுருளை முறுக்குகிறது. ஆகவே இக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவர், அணிந்தவரே. அவர் அறியாமல் அது நிகழ்கிறது, அவ்வளவே வேறுபாடு.

இவ்வெண்ணம் புதியதன்று. சுவிற்சர்லாந்து நாட்டின் லெ லோக்கிள் ஊரினரான பெர்றலே என்னும் கைவினைஞரின் பைக்கடிகாரத்தைப் பற்றி, ஜெனீவாக் கலைச் சங்கம் 1777 ஆம் ஆண்டிலேயே குறித்துள்ளது. பதினைந்து நிமிடம் நடந்தால் அது எட்டு நாள் ஓடுமாம்! கைக்கடிகாரத்தில் இம்முறையைப் புகுத்தியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் ஹாவூட். பக்கத்துத் திருகியின் வழியே தூசியும் ஈரமும் உட்புகுதலைத் தடுக்கக் கருதி, அத்திருகியையே நீக்கிய கடிகாரம் ஒன்றை ஆக்கி, 1924 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்திலே உரிமம் பெற்றார். அதன் எடை இருபுறமும் சிறிது தூரமே ஆடும். முழு முறுக்கில் ஏறத்தாழ 12 மணி நேரமே ஓடும். 1931 இல் றோலெக்ஸ் நிறுவனம் எடையை முழுவட்டமாகச் சுழலவிட்டது. 1948 இல் எற்றேர்னா நிறுவனம் அதனை நுண்ணிய குண்டுகளின்மீது இலகுவாகச் சுழலச் செய்தது.

முழுதும் முறுக்கிய கடிகாரத்தைக் கழற்றி வைத்தால் எத்தனை மணி நேரம் ஓடுமோ, அதுவே அதன் கையிருப்பு. சாதாரணப் பொறிகள் பலவற்றில் அது 38 முதல் 42 மணி நேரம். புதியன சிலவற்றில் 70 அல்லது 80 மணி நேரம். வெள்ளி மாலை 6 மணிக்குக் கழற்றினால், 38 மணி நேரத்துக் கடிகாரம் ஞாயிறு காலை 8 மணிக்கு நிற்கும். 70 மணி நேரத்தது திங்கள் மாலை 4 மணி வரை ஓடும். ஆனால் இக்கணக்கு முழு முறுக்குக்கே பொருந்தும் என்பதை மறத்தலாகாது. நின்ற கடிகாரத்தை இரண்டு முறை குலுக்கிக் கையில் மாட்டிக்கொள்வோர் வெறும் பையுடன் சந்தைக்குச் செல்பவரை ஒப்பர். திருகியை முப்பது நாற்பது முறை திருப்பி முறுக்கிய பின்னரே அணிதல் நன்று. அளவுமீறி முறுக்கினால் சுருள் அறுந்துவிடும் என்னும் அச்சம் தானியங்கிக்கு வேண்டுவதில்லை. சுருள் நிறைந்ததும் அதன் வெளிமுனை பெட்டியின் சுவரிலே வழுகிச் சென்று மிகையைத் தவிர்த்துவிடும். கையால் மட்டும் சாவி கொடுக்கும் கடிகாரத்திலோ தடை தோன்றியதும் நிறுத்துதல் வேண்டும். இருப்புக் குறைந்து சில்லின் வீச்சு ஒடுங்கினால் நேரமும் பிழைபடலாம்.

இனி நண்பரின் கடிகாரத்துக்கு வருவோம். வெள்ளி மாலை 6 மணிக்கு அதனை நாற்பது முறை முறுக்கி எம் மேசைமீது வைத்தோம். ஞாயிறு காலை 10 மணி வரை ஓடி நின்றது. நாற்பது மணி நேரம்! பழுதுமில்லை, போலியுமில்லை. அவ்வாறாயின் குறை யாண்டுளது?

நண்பரின் அன்றாட வழக்கத்தை வினவினோம். முன்னர் காலையிற் கோயிலுக்கும், மாலையிற் சந்தைக்கும், மனைவியாருடன் நடந்தே சென்று வந்தவர். அம்மையார் சென்ற ஆண்டு காலமான பின் வாயிற்படி தாண்டுவது அரிதாயிற்று. பகல் முழுதும் சாய்மனைக் கதிரை, இரவிலே கட்டில். பகலில் வந்த சிறு வரவு இரவுச் செலவுக்குப் போதாமல், விடியுமுன் கடிகாரம் நின்றது. ஓராண்டாக அது அறிவித்துக்கொண்டிருந்த செய்தியை, நாம் ஒருவரும் செவிமடுத்திலோம்.

நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். அன்று மாலை மைந்தனை அழைத்து, “தம்பி, மணிக்கூட்டிலே பிழையில்லை” என்று மட்டும் கூறினார். மற்றவற்றை மைந்தன் எம்மிடம் கேட்டறிந்தான். இப்போதெல்லாம் நாள்தோறும் அழைத்து, “அப்பா, இன்று எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?” என்று வினவுகின்றானாம்.

உங்கள் இல்லத்து முதியவரின் தானியங்கிக் கடிகாரம் அடிக்கடி நிற்குமாயின், திருத்துபவரிடம் கொடுக்குமுன் முழுதும் முறுக்கி மேசைமீது வைத்துப் பாருங்கள். உரிய நேரம் அது ஓடுமாயின், நலம் விசாரிக்கப்பட வேண்டியது கடிகாரமன்று.