மருந்தாக்கவியலில் பிஎச்.டி.: பெற்றோர் அறிய வேண்டியவை

பி.ஃபார்ம் முடித்த பிள்ளை, "எம்.ஃபார்ம் படித்து பிஎச்.டி. செய்யப் போகிறேன்" என்றால், "மெடிக்கல் ஷாப் வைத்தால் போதாதா? இன்னும் எத்தனை வருஷம்?" என்றுதான் பல வீடுகளில் கேட்கிறோம். பெண் பிள்ளைகளின் படிப்பு பெரும்பாலும் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. முடிவெடுக்கும் முன் விவரம் அறிவது நல்லது.

இது என்ன படிப்பு?

மருந்துப் பொருளைக் கண்டுபிடிப்பது ஒரு துறை. அது உடம்பில் சேர வேண்டிய இடத்துக்கு, சரியான அளவில், சரியான நேரத்தில் சேரும்படி மாத்திரை, ஊசி, களிம்பு என்று வடிவமைப்பது பார்மசூட்டிக்ஸ் எனும் மருந்தாக்கவியல்.

இன்சுலினை விழுங்கினால் வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும் அதைச் சிதைத்துவிடும். அதனால்தான் ஊசி. சாதாரண மெட்ஃபார்மின் மாத்திரையை நாளுக்கு இரண்டு மூன்று வேளை போட வேண்டியிருக்கும். மெதுவாகக் கரையும் வகையைப் பொதுவாக ஒரு வேளை போட்டால் போதும். ரமளானில் நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிக்கு இந்த வித்தியாசம் பெரிது. (மருந்து நேரத்தை மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள், மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடிக்காதீர்கள்.)

கேப்சூல் ஓடும் இத்துறையின் வேலைதான். வழக்கமான ஜெலட்டின் ஓடு விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருகிறது. அதற்கு மாற்றாகத் தாவர செல்லுலோஸிலிருந்து செய்யும் ஓடுகளும் வந்துவிட்டன. ஹலால் பற்றிய நம் கேள்விக்கும் இதே ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வருகிறது.

பாதை

பி.ஃபார்ம் 4 ஆண்டு, ஜிபேட் தேர்வு, எம்.ஃபார்ம் 2 ஆண்டு, பிறகு பிஎச்.டி. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டுவரை சலுகையும், மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. திருமணம் நடந்தால் ஆய்வு நிற்க வேண்டும் என்பதில்லை.

ஃபார்ம்.டி. என்பது வேறு, அது 6 ஆண்டுத் தொழிற்படிப்பு, ஆய்வுப் பட்டம் அல்ல.

பணம்

சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை மத்திய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. அதை நம்பித் திட்டமிடாதீர்கள். ஜிபேட் தகுதியோடு எம்.ஃபார்ம் சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பிஎச்.டி.யில் தேசிய அளவிலான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய் (2023 ஜனவரி முதல் உள்ள விகிதம்). உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தால் ரசாயனச் செலவும் குடும்பத்தின் தலையில் விழலாம்.

சேரும் முன் கேளுங்கள்

வழிகாட்டிக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் உண்டா? அவரிடம் ஏற்கெனவே எத்தனை பேர் ஆய்வு செய்கிறார்கள்? முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? தேவையான கருவிகள் கல்லூரியிலேயே உள்ளனவா? பணம் வாங்கிக்கொண்டு ஆய்வேட்டை எழுதித் தருகிறோம் என்பவர்களை அண்டவிடாதீர்கள். கண்டுபிடிக்கப்பட்டால் பட்டமே பறிபோகும்.

மருந்து நிறுவன வேலைகள் பலவற்றுக்கு எம்.ஃபார்ம் போதும். கல்லூரியில் இணைப்பேராசிரியர் ஆகவும், ஆராய்ச்சிப் பிரிவில் உயரவும் பிஎச்.டி. வேண்டும். பிள்ளை எதை நோக்கிப் போகிறது என்று உட்கார வைத்துக் கேளுங்கள். அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.