பலங்ஸ் என்னுஞ் சொல்

பண்டைக் கிரேக்கரின் போர்முறையைக் கற்போர் ‘பலங்ஸ்’ என்னுஞ் சொல்லைக் காணாதிருத்தல் அரிது. கேடயமும் ஈட்டியும் தாங்கிய காலாட்கள் நெருங்கி நின்று வகுக்கும் அணிக்கு அது பெயரென நூல்கள் கூறும். ஆயின், அச்சொல்லின் பொருள் அம்மட்டில் அமைவதன்று.

திரண்ட மரக்கட்டை என்பதும் அதன் பழம்பொருள்களுள் ஒன்றாகும். எத்தியோப்பியர் பாரசீக மன்னனுக்குக் கொண்டுசென்ற 200 கருங்காலிக் கட்டைகளைக் கூறுமிடத்து எரொடோட்டஸ் இச்சொல்லையே வழங்குகின்றார். ஹோமரின் இலியத்திலோ இது, பெரும்பாலும் பன்மையில், போர்வீரரின் வரிசைகளைக் குறிக்கின்றது. இடையறாது நீண்டு திண்ணிதாய் இருத்தல் கட்டைக்கும் வரிசைக்கும் பொதுவாதலின், உவமையாற் பொருள் விரிந்ததெனக் கொள்ளுதல் பொருந்தும். அரிஸ்டாட்டில் விரலின் வளையாத பகுதியை இப்பெயராற் சுட்டினார். இன்றும் உடற்கூற்று நூலார் ஒரு கையிலுள்ள 14 விரலென்புகளுக்கும் இப்பெயரையே வழங்குகின்றனர்.

போரணியைக் குறிக்கும் பெயராக இதனைப் பெரிதும் வழங்கியவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டினரான செனபன் ஆவர். அவ்வணியின் உயிர்நிலை கேடயமே. இடக்கையில் ஏந்திய வட்டக் கேடயத்தின் ஒருபாதி ஏந்தியவனைக் காத்தது. மறுபாதி அவனுக்கு இடப்புறம் நின்றவனைக் காத்தது. ஆதலின் ஒவ்வொருவனும் தன் வலப்புறத்தானின் கேடயத்தை நாடி ஒதுங்க, படை முழுதும் வலப்பக்கஞ் சாய்ந்து செல்லும். கி.மு. 418 இல் நிகழ்ந்த மந்தினியாப் போரை வருணிக்கும் துசிடிடீஸ் இதனை நன்கு விளக்குகின்றார். தலைச்சீராவை இழந்தவனைப் பழியாத ஸ்பார்ட்டர் கேடயத்தை எறிந்தவனை மட்டும் இகழ்வது ஏன் என வினவியபோது, முன்னையது தனக்காக அணிவது, பின்னையது அணி முழுவதற்காகவும் ஏந்துவது என்று தெமராத்தஸ் விடையிறுத்ததாகப் புளூட்டாக் கூறுவர்.

மசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பு (கி.மு. 359–336) இவ்வணியை வேறொன்றாக்கினான். அவன் வீரர் பதினைந்தடிக்கும் மேற்பட்ட ஈட்டியை இரு கைகளாலும் பற்றினர். முதல் ஐந்து வரிசையாரின் ஈட்டிமுனைகளும் அணிக்கு முன்னே நீண்டு நின்றன எனப் பொலிபியஸ் எழுதுகின்றார். எதிர்முகத்தில் அதனைத் தாங்குவார் இலர். ஆயின் அதற்குச் சமநிலம் வேண்டும். விரைந்து திரும்புதலும் அதற்கியலாது. கி.மு. 197 இல் சைனொசெபலே என்னுமிடத்தில், வென்று முன்னேறிய மசிடோனிய வலவணியின் பின்புறத்தை உரோமர் தாக்கினர். திரும்ப மாட்டாது அது சிதைந்தது. கி.மு. 168 இல் பிட்னாவிலே மேடுபள்ளத்தால் அணியில் இடைவெளிகள் தோன்ற, உரோமர் அவற்றினூடே புகுந்து வென்றனர். சிறு சிறு பிரிவுகளாக நின்று, வேண்டியவாறு பிரிந்துங் கூடியும் பொருதமையே அவர்தம் வலிமையாகும்.

போர்க்களத்தை நீங்கிய பின்னரும் அச்சொல் மறையவில்லை. 1933 இல் ஸ்பெயினில் தோன்றிய பாசிசக் கட்சியொன்று அதனையே தன் பெயராகக் கொண்டது. ஒற்றுமை என்னும் பெயரால் மாற்றுக் கருத்துக்கு இடமளியாத அணியும் அச்சொல்லுள் அடங்குமென்பதை நாம் மறத்தலாகாது.

அயலானைக் காக்குங் கேடயத்தை ஏந்துதல் நற்பண்பு. திரும்ப இயலாத கட்டையாய் இறுகுதல் கேடு. விரலென்புகள் வரிசையாய் நிற்பினும் அவற்றிடையே மூட்டுக்கள் உள. அதனாலேயே கை பற்றவும் வழங்கவும் வல்லதாகின்றது. ஓரணியில் நிற்க விழையும் எம் மாணவர் இச்சொல்லின் பொருள்களுள் இதனையும் உளங்கொள்வாராக.