பிள்ளை கேட்கும் புட்டிலேயே சத்துச் சேர்ப்போம்

சிவப்பரிசிமாப் புட்டு, குரக்கன் ரொட்டி, வளவுக் கீரை, வீட்டுக்கோழி முட்டை என்று உண்டு வளர்ந்தவர்கள் நாம். 1990இலும் 1995இலும் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2009 வரை வன்னியில் ஊரூராக அலைந்தபோதும் நிவாரணக் கோதுமை மாவும் பருப்பும் சீனியுமே பலருக்குக் கைகொடுத்தன. அந்த உதவி உயிர் காத்தது. ஆனால் நிவாரணம் நின்ற பின்னரும் வெள்ளைமாப் பழக்கம் எமது அடுப்படிகளை விட்டுப் போகவில்லை.

இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுவோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளே. அவர்களின் வயிறு சிறியது. உண்ணும் ஒவ்வொரு பிடியிலும் சத்து வேண்டும். சத்துக் குறைந்த பிள்ளை அடிக்கடி நோயில் விழும், படிப்பில் சோர்வடையும், குன்றிய வளர்ச்சியைப் பின்னர் முற்றாக ஈடுசெய்வது அரிது.

"கீரை தின்" என்று அதட்டினால் பிள்ளை கோப்பையைத் தள்ளிவிடும். அது ஆசையோடு கேட்கும் பண்டத்திலேயே சத்தைச் சேர்ப்பது இலகு.

புட்டு

அவித்த கோதுமை மா இரண்டு சுண்டுக்கு, குரக்கன் மா ஒரு சுண்டு கலந்து குழையுங்கள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. அரைச் சுண்டு அவித்த பயறு, ஒரு பிடி முருங்கையிலை, தேங்காய்ப்பூ சேர்த்து நீத்துப்பெட்டியில் அவியுங்கள். தானியத்தில் குறைவான புரதக்கூறு பயறில் உண்டு. பயறில் குறைவானது தானியத்தில் உண்டு. இரண்டும் சேரும்போதே நிறைவான புரதம் கிடைக்கிறது. இலையிலுள்ள விற்றமின் 'ஏ' உடலில் சேரத் தேங்காயின் கொழுப்பு உதவும்.

சம்பல்

நெத்தலிக் கருவாட்டைக் கழுவி, உலர்த்தி, வறுத்து இடித்துத் தேங்காய்ச் சம்பலில் கலவுங்கள். தேசிக்காய்ப் புளி விடுங்கள்; கீரையிலும் பயறிலுமுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அது துணைசெய்யும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அச்சத்து வீணாகும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள்.

எள்ளுருண்டை

கடை விசுக்கோத்துக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாம். வறுத்த எள்ளு ஒரு சுண்டு, வறுத்த உழுத்தம்மா அரைச் சுண்டு, அளவான பனங்கட்டி. உரலில் இடித்து, இளஞ்சூட்டில் உருட்டுங்கள். கச்சானும் சேர்க்கலாம். ஆனால் பூஞ்சணம் பிடித்த கச்சானை வீசிவிடுங்கள். வறுத்தாலும் அதன் நஞ்சு நீங்காது.

செலவில்லாத சில வழிகள்

- அரிசியைப் பலமுறை கழுவாதீர்கள். சத்து நீரோடு போய்விடும்.
- கோழி இடும் முட்டைகள் எல்லாவற்றையும் விற்காமல் சிலவற்றைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள்.
- இருப்பது பிறர் காணியானாலும், வேலியோரத்தில் ஒரு முருங்கைத் தடி நடுங்கள். மறுபடி இடம் மாறினாலும் அடுத்து வரும் பிள்ளை உண்ணும்.

எலியா இறைவாக்கினருக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த ஏழைக் கைம்பெண்ணிடம் இருந்தது ஒரு கைப்பிடி மாவும் சிறிது எண்ணெயுமே. இறைவன் அந்தச் சிறிதளவையே ஆசீர்வதித்தார். எமது பானையில் உள்ளதும் சிறிதே. அதை அறிவோடு சமைப்போம். எம் பிள்ளைகள் திடமாக வளரட்டும்.