பழிப்பதற்கும் ஓர் ஏடு வேண்டும்

காதும் காலமும் – 9

சென்ற வாரம் ஏ.ஈ. மனோகரனின் பொப்பிசையைப் பார்த்தோம். 1970களில் சபைக்கு ஆகாத துள்ளிசை என்று பெரியவர்கள் முகஞ்சுளித்த அந்தப் பாட்டு, 2018 ஜனவரியில் அவர் சென்னையில் மறைந்தபோது ஈழத்தமிழரின் முதுசமாகிவிட்டிருந்தது. பாட்டில் ஒரு சுரமும் மாறவில்லை, மாறியது மதிப்பு மட்டுந்தான். அதே கணக்கை இந்த வாரம் இன்னும் கரடுமுரடான ஓர் இசையில் போட்டுப் பார்ப்போம். 1980களின் பிற்பாதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் முளைத்த கிரஞ்ச், பங்க் இசையின் அவசரத்தையும் ஹெவி மெட்டலின் கனத்தையும் சேர்த்து, கிட்டார் ஒலியை வேண்டுமென்றே துலக்காமல் விட்ட ரொக் வகை. அது கண்டிக்கும் வந்து சேர்ந்தது. மிர்ஷாட் பக்மனைப் பாடகராகக் கொண்டு 2000களின் தொடக்கத்தில் இங்கே உருவான 'பரனொய்ட் ஏர்த்லிங்' குழுவின் இசையில் அதன் சாயல் தூக்கலாகவே தெரியும். தலதா மாளிகையின் ஊரில் இதுவா என்று கேட்பவர்களுக்குப் பதில் கடைசியில் வரும்.

முதலில் சியாட்டில் கணக்கு. 1994 ஜனவரியில் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் முந்திய ஆண்டுக்கான வாக்கெடுப்பை வெளியிட்டது. வாசகர்கள் தேர்ந்த சிறந்த புதுக்குழு ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ். அதே இதழில் விமர்சகர்கள் தேர்ந்த மிக மோசமான புதுக்குழுவும் அதுவேதான். சியாட்டில்காரர் அல்லர், அந்நகரின் பேர்ல் ஜாம் குழுவைப் பார்த்து எழுதியவர்கள் என்பது குற்றச்சாட்டு. 2015 டிசம்பரில் அதன் பாடகர் ஸ்கொட் வைலண்ட் இறந்த பின் வந்த கட்டுரைகளைப் படித்தால் அந்தப் பழி எங்கே போனது என்று தேடவேண்டியிருக்கும். நல்ல பாட்டு என்றைக்கும் தானாக நிற்கும் என்பவர்கள் இதைத் தங்கள் பக்கத்துச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அந்தப் பாட்டுகள் 1994இலும் அதே தரத்தில்தானே இருந்தன? இருபது ஆண்டுகளில் மாறியது தீர்ப்பு சொல்லும் ஆள். அன்று பதின்வயதில் வாக்களித்த வாசகர்களில் சிலர் பேனா பிடிக்கும் இடத்துக்கு வந்திருந்தார்கள். அன்றைய இசைத்தட்டும் அன்றைய வசையும் இரண்டுமே அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

இன்னொரு சான்று இதைவிடக் கூர்மையானது. 1984இல் சியாட்டிலில் தொடங்கிய கிரீன் ரிவர் என்ற குழு மூன்று நான்கு ஆண்டுகளில் உடைந்தது. ஒரு பாதி மட்ஹனி ஆயிற்று. மறுபாதியிலிருந்த ஸ்டோன் கொஸார்ட், ஜெஃப் அமென்ட் இருவரும் பிறகு பேர்ல் ஜாமைத் தொடங்கினார்கள். பேர்ல் ஜாம் கோடியில் விற்றது, மட்ஹனி சில்லறையில் விற்றது. விற்பனைதான் மதிப்பு என்றால் மட்ஹனி இன்று அடிக்குறிப்பாகக்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் நிர்வாணா என்ற கிரஞ்ச் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த இசைத்தட்டுகளின் பட்டியலில் மட்ஹனியின் 1988ஆம் ஆண்டுத் தட்டைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தார். அந்த நாட்குறிப்பு 2002இல் அச்சேறியது. எவ்வளவு விளம்பரம் செய்தாலும் கிடைக்காத சான்றிதழ் அது. பேர்ல் ஜாமை அதே கோபேன் வியாபாரக் குழு என்று ஏளனம் செய்தவர். அந்தக் குழு 1994இல் டிக்கெட் விற்பனையில் ஏகபோகம் நடத்தியதாக டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தை எதிர்த்து நின்றது; கொஸார்டும் அமென்டும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். அடுத்த ஆண்டே நீதித்துறை விசாரணையை மூடிவிட்டது. பணக்காரப் பிள்ளைகளின் வீம்பு என்று சிரித்தவர்கள் உண்டு. 2024 மே மாதத்தில் அதே நீதித்துறை அதே டிக்கெட்மாஸ்டர்மீதும் அதன் தாய் நிறுவனத்தின்மீதும் வழக்குத் தொடுத்தபோது, அந்த முப்பதாண்டுப் பழைய சாட்சியத்துக்குப் புதிய பொருள் வந்துவிட்டது. போதாததற்கு, தன் 2000ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணக் கச்சேரிகளை 72 நேரலைத் தொகுப்புகளாக வெளியிட்ட குழு அது. எந்த ஊரில் எந்த இரவில் என்ன பாடினார்கள் என்று இன்றைக்கும் காது கொடுத்து வழக்காடலாம்.

சாவுதான் புகழைத் தூக்குகிறது, கோபேன் 1994 ஏப்ரலில் 27 வயதில் சாகாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை என்பார்கள். பாதி உண்மை. சியாட்டிலின் மதர் லவ் போன் குழுவின் பாடகர் அன்ட்ரூ வுட் 1990 மார்ச்சில், முதல் முழு இசைத்தட்டு வெளியாவதற்கு முன்பே, 24 வயதில் இறந்தார். அவர் பெயர் இன்று தெரிகிறதென்றால், 1991இல் நண்பர்கள் அவர் நினைவாகவே ஒரு தட்டு செய்தார்கள் என்பதால்தான். கோபேன் மூன்று முழுத் தட்டுகளை முடித்துவிட்டுப் போனவர். 1993 நவம்பரில் பதிவான அவருடைய மின்கிட்டார் இரைச்சலற்ற கச்சேரி அடுத்த ஆண்டு வெளிவந்து, கத்தத்தான் தெரியும் என்றவர்களின் வாயை அடைத்தது. சாவு ஒரு கவனத்தைத் திருப்பும். திரும்பிப் பார்க்கிறவருக்கு அங்கே ஏதாவது இருக்கவேண்டும்.

இனிக் கண்டிக்கு வரலாம். மதிப்பு மாறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. வெஸ் நடனம் கொஹொம்ப கங்காரியச் சடங்குக்கு உரியதாய், சாதிப்படியில் கீழே வைக்கப்பட்ட பறைகொட்டிகளின் பரம்பரைத் தொழிலாய் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது பெரஹராவுக்குள் வந்தது, பிறகு நடனக் கலைஞர் சித்திரசேனவின் மேடைக்கு, பிறகு பள்ளிக்கூடப் பாடத்திட்டத்துக்கு. இன்று அரசு விருந்தினரை வரவேற்பதே அந்த நடனத்தின் வெள்ளித் தலையணிதான். அடவு மாறியதைவிட அதைக் குறித்துவைத்த கைகள் மாறியதே பெரிது. ஆட்டத்துக்கு மரியாதை வந்த வேகத்தில் ஆடிய குடும்பங்களுக்கு வந்ததா என்பது வேறு கதை. அதைப் பேச இன்னொரு வாரம் வேண்டும்.

பரனொய்ட் ஏர்த்லிங் போன்ற ஒரு குழுவுக்கு அப்படிக் குறித்துவைக்கும் ஏடு எங்கே? தமிழ் இதழ்களின் இசைப் பக்கம் கர்நாடக இசைக்கும் சினிமாவுக்கும் போய்விடுகிறது. சிங்கள இதழ்கள் சரள கீதத்தையும் பைலாவையும் கவனித்துக்கொள்கின்றன. ஆங்கிலப் பத்திரிகைகள் கொழும்பில் இருந்துகொண்டு கொழும்பு மேடைகளைப் பார்க்கின்றன. கண்டியில் ஆங்கிலத்தில் பாடும் ரொக் குழு இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள சந்தில் விழுகிறது. ஆகவே அதன் மதிப்பு ஏறியதா இறங்கியதா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸை மோசமான குழு என்று திட்டிய விமர்சகர்கள் அதற்கு ஓர் உபகாரம் செய்தார்கள்: திட்டு அச்சில் நின்றது, பின்னால் வந்தவன் அதை மறுக்க முடிந்தது. யாரும் திட்டாத குழுவை யார் மீட்பது?

கடன் வாங்கிய இசைக்கு ஏடு எதற்கு, அது வெறும் நகல்தானே என்ற மறுப்பு வரும். நகல் என்ற பழியை சியாட்டிலுக்கு வெளியே இருந்த அமெரிக்கக் குழுவே சுமந்ததை மேலே பார்த்தோம். பைலாவின் வேர் போர்த்துக்கேயருடன் வந்தது. இன்று அது இல்லாமல் கண்டியில் ஒரு கல்யாண வீடு விடிவதில்லை. கண்டிக்காரரின் கிரஞ்சும் நகல்தானா, அசலா என்பதைக்கூட ஒலிப்பதிவையும் தேதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தீர்க்கமுடியும். எந்த மேடையில், எந்த ஆண்டில், யார் டிரம்ஸ் வாசிக்க, எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எழுந்து நின்றது என்பதை யாராவது தமிழில் எழுதட்டும். அது அளவுக்குமீறிப் புகழப்பட்ட குழு என்று எவராவது சண்டைக்கு வந்தாலும் சரி, இந்தப் பக்கத்தில் இடம் கொடுக்கலாம்.