கிழப் பசுவின் பராமரிப்பு

கொங்கு நாட்டிலே காங்கயம் பசுவை வளர்ப்பதன் முக்கிய நோக்கம் பால் அன்று. ஏருக்கும் வண்டிக்கும் உரிய காளைக் கன்றே. அத்தகைய கன்றுகள் பலவற்றை ஈன்ற பசு மெலியத் தொடங்கியதும், வயதாகிவிட்டது, இனி உதவாது என்று சந்தைக்கு ஓட்டுவோர் பலர். அவிழ்த்து விடுவோரும் உளர். அப்பசு அயலார் வெள்ளாமையை மேய்ந்து வழக்கு விளைப்பதை ஊர் அலுவலர் அறிவர். ஆயின் அம்மெலிவுக்குக் காரணம் பல சமயங்களில் முதுமை மட்டுமன்று, பசியுமாம். தீனி முன்னே கிடக்கவும், மெல்ல மாட்டாமையால் பசு வாடுகின்றது.

பல்லைப் பார்த்தல்: மாட்டுக்கு மேல்வாயில் முன்பற்கள் இல்லை, கீழ்வாயில் 8 உண்டு. ஏறக்குறைய 2 வயதில் முதல் இரண்டு நிலைப்பற்கள் முளைத்து, 5 வயதளவில் எட்டும் நிரம்பும். பின்னர் அவை தேய்ந்து குட்டையாகி, இடைவெளி விட்டு நிற்கும்; சில ஆடி விழும். கொறங்காட்டில் வறட்சிக் காலத்தில் தரையோடு ஒட்டி நிற்கும் கொழுக்கட்டைப் புல்லை அத்தகைய பல்லாற் பற்றிக் கடித்தல் அரிது. கடைவாய்ப் பல் பழுதாயின், பாதி மென்ற புல்லுருண்டை வாயினின்று விழும். சாணத்தில் நீண்ட வைக்கோல் துணுக்குகள் காணப்படும்.

தீனி: சோளத்தட்டையும் வைக்கோலையும் சிறிதாக நறுக்கி, நீர் தெளித்து இடுக. பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்தே கொடுத்தல் வேண்டும். அதனுடன் புண்ணாக்கும் தவிடும் சேர்த்து நாளொன்றுக்கு 1½ கிலோ அளவு இருவேளையாக வைக்கலாம். சினைப் பசுவுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். 30 கிராம் உப்பும், தாது உப்புக் கலவையும் சேர்க்க. இளமாடுகள் முட்டித் தள்ளுமாதலால், கிழப் பசுவுக்குத் தனித்தொட்டி அவசியம்.

கொட்டில்: வழுக்கும் சிமெண்டுத் தரை ஆகாது, மண் தரையில் மணல் பரப்புதல் நலம். வளர்ந்த குளம்பைச் சீவிவிடுக. எழமாட்டாது படுத்த பசுவுக்கு வைக்கோற் படுக்கையிட்டு, சில மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்துக. குடற்புழு நீக்க மருந்தையும், 6 மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசியையும் கிழமாடென்று விட்டுவிடலாகாது.

ஈற்று: வயது முதிர்ந்த பசுக்களுக்கு, அதிலும் பால் மிகுந்த கலப்பினங்களுக்கு, கன்று ஈன்ற இரண்டு மூன்று நாட்களுக்குள் பால் சுரம் காண்பதுண்டு. சுரம் என்பது பெயரளவே. உடலும் காதும் குளிர்ந்திருக்கும். பசு படுத்துக் கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொள்ளும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைவதே இதற்குக் காரணம். அந்நிலையில் விழுங்கும் திறன் குன்றுவதால், மூங்கிற் குழாயால் மருந்து புகட்டினால் அது நுரையீரலிற் புகுந்து உயிருக்கே கேடாகும். உடனே கால்நடை மருத்துவரை அழைத்து, இரத்தக் குழாய் வழியே சுண்ணாம்புச் சத்து மருந்து ஏற்றச் செய்க. காலத்தில் ஏற்றினால் பெரும்பாலும் அன்றே எழுந்து நிற்கும்.

முடிவு செய்தல்: மெலிந்த பசுவை விற்க நினைக்குமுன், வாயைச் சோதித்து, 2 மாதம் நறுக்குத் தீனி இட்டுப் பார்க்க. சதை பற்றினால் மருத்துவரின் யோசனைப்படி மீண்டும் சினைப்படுத்தலாம். நல்ல வமிசத்தில் இன்னுமொரு கிடாரி கிடைக்கக் கூடும். சதை பற்றாவிடின் நோயுண்டா எனச் சோதிக்கச் செய்து, சினைப்படுத்தாது நிறுத்துக. அப்போதும் அதன் சாணமும் கோமியமும் நிலத்துக்கு உரமாகும். பல்லைப் பாராமலே பசுவைக் கழித்தவர், ஒரு நல்ல வமிசத்தையே கழித்தவராதல் கூடும்.